சாரதா வீடு திரும்பிய வாரம்

திருப்பூரிலிருந்து வெளிவந்த ஒரு வார இதழில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதழ் இப்போது காகிதத்தில் வருவதில்லை, செல்போனில் வருகிறது. போன மாதம் அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். உட்கார்ந்ததும் திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டினார்கள். தொடர்கதையை எந்தப் பத்தி வரை எத்தனை பேர் படித்தார்கள், எங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்று அந்தக் கோடு சொல்லுமாம். நான்காவது பத்தியில் அது கிணற்றில் விழுந்திருந்தது.

"இதெல்லாம் இல்லாம நீங்க எப்படிங்க மேடம் சமாளிச்சீங்க? எங்க போர் அடிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"ஆசிரியர் கொட்டாவி விடுவார்" என்றேன்.

சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை, அதுதான் எங்கள் அலுவலக நடைமுறை. அதை விவரமாக எழுதித் தரச் சொன்னார்கள். "சுருக்கமா இருக்கட்டுங்க மேடம், நாலாவது பத்தியில போயிருவாங்க" என்று எச்சரிக்கையும் செய்தார்கள். நான்காவது பத்தி இதோ முடிகிறது. போகிறவர்கள் போகலாம்.

முதுகலைத் தமிழ் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தேன். மெய்ப்புத் திருத்தும் குறிகளைச் சில நாட்களில் கற்றுக்கொண்டேன். எழுத்தாளர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகாத விதத்தில் அந்தக் குறிகளைப் போடக் கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின. பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

எங்கள் ஆசிரியர் ஒல்லியான மனிதர். யாரையும் திட்ட மாட்டார், மரியாதையாகவே கொல்வார். தொடர்கதை அத்தியாயம் வந்ததும் நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் சுமாரான எழுத்தும் சுகமாகத் தெரியும் என்பது அவர் கட்சி. படித்து முடித்ததும் கடைசிப் பத்தியைப் பின்னால் மடித்துவிட்டு மறுபடி ஒருமுறை பார்ப்பார். அது இல்லாமலே அத்தியாயம் நின்றால் அந்தப் பத்திக்கு ஆயுள் முடிந்தது. நடுவில் ஏதாவது பத்தி சும்மா நின்றுகொண்டிருந்தால் என்னைக் கூப்பிடுவார்.

"ஏனுங்க அம்முணி, இந்தப் பத்தி எதுக்குங்க வந்திருக்குது? சொந்தக்காரங்களா?"

"வர்ணனைங்க."

"சொந்தக்காரங்கதான். சோறு போட்டு அனுப்பிச்சுருங்க."

கடைசியாக, அச்சுக்குப் பக்கம் கட்டும் பையன்கள் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கொட்டாவி வருவது அப்போதுதான். வாசகர் என்ற சொல்லை அவர் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. "கேக்கறவங்க" என்றே சொல்வார். ஒருவர் வாங்கும் இதழை நான்கு பேர் கேட்கிற ஊர் இது, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் காது மட்டும்தான் சும்மா இருக்கிறது என்பார்.

'தொடரும்' போடும் இடத்துக்கும் அவரிடம் ஒரு விதி இருந்தது. கழுத்துக்கு மேலே கத்தி தொங்கும்போது நிறுத்துவதை அவர் மட்டமான வேலை என்றார். கத்தியை அடுத்த வாரம் எப்படியும் இறக்கிவிடுவார்கள் என்று கேட்பவருக்குத் தெரியும். நிறுத்த வேண்டிய இடம் வேறு. கேட்டவர் எழுந்து வீட்டுக்குப் போகும்போது, 'நானாயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். அங்கேதான் நிறுத்த வேண்டும்.

ஒருமுறை சாமளாபுரத்திலிருந்து விசைத்தறிக்காரர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். ஓடும் தறிக்குப் பக்கத்தில் நின்று கதாநாயகன் காதலியின் காதில் ரகசியம் சொல்வதாக ஒரு தொடரில் வந்திருந்தது.

"ரகசியமாமுங்க! எங்களுக்கு மொதலாளி கத்துனாலே கேக்காது. அவ என்னன்னு கேட்டு வெக்கப்பட்டா?"

ஆசிரியர் டீ வாங்கிக் கொடுத்தார். "அதுக்கப்புறம் படிச்சீங்களா, நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

"படிச்சமுங்க. அவ என்ன பதில் சொல்றான்னு பாக்கோணுமில்லீங்களா?"

அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "திட்டறவங்க எங்கேயும் போகமாட்டாங்க அம்முணி. பாராட்டறவங்களைத்தான் நம்பக் கூடாது." மறுவாரம் எழுத்தாளரைத் தறியை நிறுத்த வைத்தோம். ஆனால் காதலி சொல்லும் பதிலை மாற்றவில்லை. தறிக்காரர்களுக்கு அவள் சரி என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. ஆசிரியர் ஒப்பவில்லை. தகவல் பிழையைத் திருத்தலாம், கதையைத் திருத்தக் கூடாது. கேட்பவர் சொன்னார் என்பதற்காகக் கதையை மாற்றினால் அடுத்த வாரம் அவர் கேட்க வரமாட்டார், சொல்ல வருவார். இது எங்கள் அலுவலகத்தின் எழுதாத சட்டம். நான் அதை மெய்ப்புக் குறிகளை நம்பியது போலவே நம்பினேன்.

அதற்குப் பல வருடம் கழித்துத்தான் சாரதா தொடர் வந்தது.

எழுதியவர் உடுமலைப் பக்கத்துக் கூட்டுறவு வங்கி ஊழியர். புனைபெயர் இளமதியன். கணவனிடம் அடி தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேரும் பெண்தான் சாரதா. தோழி வீட்டில் தங்கியிருக்கிறாள். வாரா வாரம் அழுகிறாள். நான் அழுகையை வெட்டுவேன், அடுத்த அத்தியாயத்தில் அவர் இரட்டிப்பாக அனுப்புவார். ஆனாலும் தொடர் நன்றாக ஓடியது. கம்பெனி வாசல்களில் இதழ்க் கட்டு இறங்கியதும் தீர்ந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை தங்கமணி என்ற பெண் அலுவலகத்துக்கு வந்தாள். ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் செய்பவள். பழைய இதழ்கள் வேண்டும் என்றாள்.

"சாரதா தனியா லைன் வீடு எடுத்து, பூட்டுச் சாவி வாங்குனது எந்த வாரத்துலீங்க?"

"அப்படி ஒன்னும் வரலீங்களே. அவள் தோழி வீட்டில்தான் இருக்கிறாள்."

"வூட்டுக்காரன் கம்பெனி வாசலுக்கு வந்தப்ப, 'கையைக் கீழ போட்டுட்டுப் பேசு'ன்னு சொன்னாளே, அது?"

"அதுவும் வரலீங்க."

தங்கமணியின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் நெனச்சது செரிதான். அந்தக் கழுதை இல்லாததைப் படிக்கறா!"

உட்காரச் சொல்லி விசாரித்தேன். அவள் கம்பெனியின் செக்கிங் டேபிளில் செல்வராணி என்ற தெற்கத்திப் பெண் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாரதா தொடரை உரக்கப் படிக்கிறாள். டேபிளில் எல்லோரும் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்கிறார்கள். அதே டேபிளில் மல்லிகா என்பவளும் இருக்கிறாள். அவள் தங்கமணியின் தம்பி மனைவி. அடிக்கிறான் என்று சொல்லி மகளோடு தனியாக வந்துவிட்டவள்.

"சாரதா கதையைக் கேட்டுக் கேட்டுத்தானுங்க இவளுக்குத் திமிர் ஏறிப்போச்சு. வர்ற ஞாயித்துக்கெழமை மடத்துக்குளத்துல இருந்து எங்க பெரியப்பா எல்லாம் பேச வர்றாங்க. ஒன்னு அவ திரும்பி வரோணும், இல்லீன்னா புள்ளையக் குடுத்துரோணும். அவ பக்கம் பேச ஒரு ஆளு கெடையாது. அவங்கப்பனே எங்களோடதான் வர்றாரு." பழைய இதழ்களை மடியில் அடுக்கிக்கொண்டாள். "வர்ற வாரம் சாரதா என்ன பண்றாங்க?"

முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் இல்லை என்றேன். எனக்குத் தெரியும். அந்த வார அத்தியாயத்தின் மெய்ப்பு என் மேசையில்தான் கிடந்தது. சாரதா கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்.

அது மட்டும் வெள்ளிக்கிழமை வந்தால், தங்கமணி அத்தனை இதழ்களையும் டேபிளில் போட்டு, 'பாருங்கடி' என்பாள். பேச்சுவார்த்தை என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் நியாயம் இரண்டாவதுதான். முதலில் எந்தப் பக்கம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். ஆள் இல்லாத பக்கம் பேச ஆரம்பிக்கும் முன்பே தோற்ற பக்கம். அந்தப் பெண் குழந்தையை இழந்துவிடுவாள்.

இளமதியனுக்கு ஃபோன் செய்தேன். எழுத்தாளரிடம் காரணம் கேட்பது துணை ஆசிரியரின் உரிமைகளில் ஒன்று.

"பிரிஞ்சவங்க சேந்தாத்தானுங்க ஜனங்களுக்கு நிம்மதி" என்றார்.

"அடித்த கை?"

"அது அடுத்த அத்தியாயத்துல திருந்திருமுங்க."

ஆசிரியரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கதையை மாற்றச் சொல்லவில்லை, சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் 'இடமின்மையால் இவ்வாரம் தொடர்கதை இடம்பெறவில்லை' என்று ஒரு வரி போட்டு அத்தியாயத்தை நிறுத்திவைக்கும் நடைமுறை எங்களிடம் உண்டு. பெரிய விளம்பரம் வந்தால் செய்வோம். இந்த வாரம் விளம்பரம் எதுவும் வரவில்லை.

அவர் நின்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும், அன்றைக்கு மட்டும் உட்கார்ந்தார்.

"ஒரு வாரம் இடமில்லாமப் போனா ஒலகம் ஒன்னும் அழிஞ்சுறாதுங்க அம்முணி. ஆனா அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க. அது கதையில நம்ம கை வைக்கறோம்."

புதன்கிழமை டீ நேரத்தில் அந்தக் கம்பெனிக்குப் போனேன். தாராபுரம் சாலையில் அவிநாசிபாளையம் பக்கம். சூப்பர்வைசருக்கு எங்கள் இதழ் என்றதும் சந்தோஷம், கட்டுரை என்று நினைத்துத் தலை வாரிக்கொண்டு வந்தார். அவரை ஒருவாறு அனுப்பிவிட்டு டேபிளுக்குப் போனேன்.

நீளமான டேபிள். இரு பக்கமும் பெண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பனியன் குவியல். டிரிம்மர் கத்தரியால் நூல் பிசிறை வெட்டி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து அடுக்க வேண்டும். பீஸ் கணக்கில் கூலி. வாசித்துக்கொண்டிருப்பவளுக்குக் கை ஓடாதே, கூலி எப்படி என்று கேட்டேன். செல்வராணி தன் குவியலைக் காட்டினாள்.

"ஆளுக்கு ரெண்டு மூணு பீஸ் வெட்டி என் பக்கம் தள்ளிருவாவ மேடம். ராணி பங்குன்னு பேரு வச்சிருக்காவ. கதை நல்லாருந்தா பீஸ் நெறைய வரும். ஆரம்பத்துல சாரதா அழுதுக்கிட்டே இருந்தால்லா, குவியல் ஏறவே இல்ல."

எங்கள் அலுவலகத்தில் இல்லாத கருவி அது. எந்தப் பத்தியில் கேட்பவர் விலகினார் என்பது பனியனாகவே தெரிந்துவிடும். ஆசிரியர் பார்த்திருந்தால் கொட்டாவியைக் கைவிட்டிருப்பார்.

செல்வராணிக்குச் சர்ச்சில் வேதப் பாடம் வாசித்துப் பழகிய குரல். இல்லாததை ஏன் படிக்கிறாய் என்று கேட்டதும் அந்தக் குரல் இறங்கிவிட்டது. டேபிளின் கடைசியில் இருந்தவளைத் தாடையால் காட்டினாள்.

மல்லிகா எழுந்து வந்தாள். சிறிய உருவம். கையில் கத்தரி. பருத்திப் பஞ்சு தலையில் ஒட்டியிருந்தது. தங்கமணி வந்ததையும், வெள்ளிக்கிழமை அத்தியாயத்தையும் அவளிடம் தனியாகச் சொன்னேன். அடுத்த வாரத்துக் கதையை வெளியில் சொன்னது என் பணிக்காலத்தில் அந்த ஒருமுறைதான். "ஞாயிற்றுக்கிழமை முடியும் வரை அதை நிறுத்திவைக்கிறோம்" என்றேன்.

"நிறுத்த வேண்டாங்க" என்றாள்.

நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். "ராணி இதுவரை மாற்றிப் படித்ததெல்லாம்..."

"தெரியுமுங்க. நாந்தான் மாத்தச் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் இதழை வாங்குவது மல்லிகாதான். கம்பெனி பஸ்ஸில் வரும்போதே படித்து, எதை விட வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்து, செல்வராணியின் காதில் சொல்லிவிடுவாள். சுருக்கமாகச் சொன்னால், என் வேலை.

"மொதல்லயே சாரதா தனி வூடு எடுத்தான்னு சொல்லியிருந்தா அல்லாரும் அவளைத் திட்டியிருப்பாங்க. நாச்சக்கா இருக்காங்களே" என்று டேபிளின் நடுவில் மூக்குக்கண்ணாடியோடு இருந்த ஒரு பெரிய உருவத்தைக் காட்டினாள், "நான் இங்க வந்தப்பவே, 'பொம்பளைன்னா அனுசரிச்சுத்தான் போகோணும்'னு சொன்னவங்க. அதனால மொதல்ல சாரதாவோட அழுகையை மட்டும் நிறுத்துனமுங்க. பொறவு புள்ளைக்கு ஒரு கவுன் வாங்குனா. அதுக்கப்புறந்தான் வூடு பாத்தா. பூட்டு வாங்கற வாரம் நாச்சக்காவே சொன்னாங்க, 'மட்டமான பூட்டா வாங்கிறப் போறா, நல்லதா வாங்கச் சொல்லு'ன்னு."

சிரித்தாள். பிறகு கத்தரியை ஒருமுறை திறந்து மூடினாள்.

"எனக்கு ஞாயித்துக்கெழமைக்கு ஆளு வேணுமுங்க மேடம். எங்கப்பனும் அம்மாவும் எம்பக்கம் வரமாட்டாங்க. வந்தாலும் எதிர்ல உக்காருவாங்க. இவங்களைத்தான் நான் கூப்பிடோணும். எடுத்தவுடனே கூப்பிட்டா, அடுத்தவ குடும்பத்துல நாம என்னத்துக்குன்னு போயிருவாங்க. சாரதாவுக்குன்னா வருவாங்க."

"அப்படியென்றால் நிறுத்திவைப்பதுதானே நல்லது?"

"நீங்க போடுங்க. ராணியக்கா இந்த வாரம் உள்ளது உள்ளபடி படிக்கட்டும். இவங்க எம்பக்கம் நிக்கறாங்களா, சாரதா பக்கம் நிக்கறாங்களான்னு எனக்குத் தெரியோணுமுங்க. வேனு வந்து நின்னதுக்கப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது?"

ஆசிரியரிடம் வந்து சொன்னேன். மெய்ப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு எழுத்துக்கூட வெட்டாமப் போடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டேன். செல்வராணி இதழை விரித்தாள். அன்று மல்லிகா அவள் காதில் ஒன்றும் சொல்லவில்லை.

சாரதா மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். கணவன் வாசலில் நிற்கிறான். அவன் கண் கலங்குகிறது. அவள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறாள். தொடரும்.

கத்தரிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏ ராணி, தாளு மாறிப்போச்சா?" என்றாள் ஒருத்தி.

"பூட்டு வாங்குன வூடு என்னாச்சு?"

"அட்வான்சு குடுத்தாளே, அது?"

அயர்ன் டேபிளிலிருந்து தங்கமணி வந்தாள். பழைய இதழ்களைப் பனியன்களின் மேல் வீசினாள். "வூடும் இல்ல, பூட்டும் இல்ல. இத்தன வாரமும் இவ பொய்யாப் படிச்சா. இன்னிக்குத்தான் நெசம். படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுப் பாருங்க!"

படித்தார்கள். ஒருத்தி தோளுக்கு மேல் இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள். எழுத்தில் ஏமாந்தவர்களின் கோபத்தை நான் தபாலில்தான் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான். நாச்சக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எழுந்து, செல்வராணியின் குவியலிலிருந்து தான் தள்ளிய பீஸ்களை எண்ணாமல் அள்ளித் தன் பக்கம் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். செல்வராணியின் முன்னால் வெறும் பலகை தெரிந்தது.

மல்லிகா எழுந்து நின்றாள்.

"ராணியக்காவைத் திட்டாதீங்க. நாந்தான் மாத்தச் சொன்னேன். ஞாயித்துக்கெழமை என்னையும் புள்ளையவும் கூட்டிட்டுப் போக வர்றாங்க. எனக்குன்னு பேச ஆருமில்ல. நான் வந்து கேட்டிருந்தா நீங்க காது குடுத்திருக்க மாட்டீங்க. அதனாலதான் சாரதாவை அனுப்புனேன்." கத்தரியைக் கீழே வைத்தாள். "அவ திரும்பிப் போயிட்டா. நான் போகல. வர்றவங்க வாங்க."

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். எல்லோரும் குனிந்து வெட்ட ஆரம்பித்தார்கள். தங்கமணி மட்டும் நிமிர்ந்து நடந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் விடுப்பு கேட்டேன். எங்களுக்கு அன்று வேலை நாள்.

"நிருபராப் போறீங்களா?" என்றார் ஆசிரியர்.

"இல்லீங்க. கேக்கறவளா."

"அப்ப விண்ணப்பத்துல சொந்த வேலைன்னு எழுதிக் குடுங்க."

மல்லிகாவின் லைன் வீடு ஒரே சுவரை ஒட்டிய ஓட்டு வீடுகளில் கடைசி. முன்னால் பொதுக் குழாய், கொஞ்சம் திறந்த இடம். வேன் நேரத்துக்கே வந்துவிட்டது. பெரியப்பாவும், கணவனும், தங்கமணியும், இன்னும் பல உறவினர்களும் இறங்கினார்கள். மல்லிகாவின் தகப்பனார் யார் முகத்தையும் பார்க்காமல் கடைசியாக இறங்கினார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்ததும் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. எதிர்ப் பக்கம் மல்லிகாவும், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மகளும், செல்வராணியும். பின்னால் நான். நான் கணக்கில் வரமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"உன்ற பக்கம் இன்னும் ஆராச்சும் வரோணுமா கண்ணு?" என்று பெரியப்பா கேட்டார். குரலில் கெடுதல் இல்லை, வெற்றி இருந்தது.

"கொஞ்சம் பாக்கலாமுங்க சாமி."

டேபிளிலிருந்து முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வருவதுபோலத் தயங்கித் தயங்கி. பிறகு ஒருத்தி தன் புருஷனோடு வந்தாள். அவர் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் குழாயடியில் நின்றுகொண்டார். அப்புறம் கும்பலாகச் சிலர். பாதிப்பேர் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பெரியப்பா தொண்டையைக் கனைத்தபோது நாச்சக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பெரியப்பாவின் பக்கத்தில் மிச்சமாகக் கிடந்த நாற்காலி ஒன்றைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"கோவம் தீந்துதாக்கா?" என்று செல்வராணி மெல்லக் கேட்டாள்.

"தீரல. அதுக்கு வேற நாள் இருக்குது. நீ வாய மூடு."

பெரியப்பா பேசினார். குடும்ப மானம், பெண் பிள்ளையின் எதிர்காலம், ஆம்பளை என்றால் ஒரு வேகம். எல்லாம் முறைப்படிதான், எந்த வரியையும் வெட்ட வேண்டியதில்லை. மல்லிகா சுருக்கமாகப் பேசினாள். இடது கை விரல்களில் ஒன்று சரியாக மடங்காது என்பதைக் காட்டினாள். பிசிறு வெட்ட வலது கை போதும், குழந்தையைத் தூக்கத்தான் இடது கை வேண்டும் என்றாள். கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கமணிதான் பொறுக்க முடியாமல் எழுந்தாள். "கத கேட்டு ஆடுனீங்களேடி அல்லாரும்! அந்தச் சாரதாவே புருசன் வூட்டுக்குப் போயிட்டா. இவளுக்கு என்ன?"

வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும், நான் பதிப்பித்தவள்தானே.

நாச்சக்கா உட்கார்ந்தபடியே சொன்னாள்:

"அவ போனாப் போறா தங்கமணி. அவ காயிதத்துல இருக்கறவ. அடி வாங்கினா மைதான் கலங்கும். இந்தப் புள்ளைக்கு வெரலு போயிருச்சு." பிறகு பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நானும் அனுசரிச்சுப் போகச் சொன்னவதானுங்க. மொதல்ல சொன்னது நாந்தான். இப்பச் சொல்லமாட்டேன். புள்ள அவகிட்டதான் இருக்கும். வேற பேச்சு இருந்தாப் பேசுங்க, டீ வெக்கச் சொல்றேன்."

வேறு பேச்சு இருக்கவில்லை. டீ வந்தது, குடித்தார்கள். "பொறவு ஒரு நாள் பாக்கலாம்" என்று பெரியப்பா எழுந்தார். அந்தப் பொறவு ஒரு நாள் வரவே இல்லை. வேன் கிளம்பும்போது மல்லிகாவின் தகப்பனார் கீழே இறங்கி, பேத்தியின் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

நாற்காலிகளை அடுக்கும்போதுதான் பெண்களுக்குப் பேச்சு வந்தது. இளமதியன் பொம்பளையா ஆம்பளையா என்று சண்டை. ஆம்பளை என்று நான் சொன்னதும், "அதான பாத்தேன்" என்று ஏழெட்டுக் குரல்கள். வெள்ளிக்கிழமை இதழை வாங்காமல் விட்டுவிடலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு, அவன் சாரதாவை இன்னும் என்ன பாடு படுத்துகிறான் என்று பார்க்க வேண்டாமா என்று மற்றவர்கள் அதட்டினார்கள்.

செல்வராணி மல்லிகாவின் பக்கத்தில் போய் நின்றாள். "அப்போ வார வெள்ளிக்கெழமை என்னத்த மாத்தணும்ட்டி? இப்பமே சொல்லிரு, நான் மனசுல வச்சுக்கிடுதேன்."

மல்லிகா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க மகளுக்கு உதவிக்கொண்டிருந்தாள்.

"இனி ஒன்னும் மாத்த வேண்டாங்க்கா. அவன் எழுதுனபடியே படிங்க. சும்மா, பொழுது போறதுக்குக் கேட்டுக்கலாம்."